சென்னை ஃபிளாட்டில் பத்து வயது மகளுக்காக ஒரு வெள்ளை எலி வளர்க்கலாமா? நாற்றம் அடிக்குமா, கடிக்குமா?

வளர்க்கலாம். ஆனால் "ஒரு" எலி வேண்டாம். எலி கூட்டமாக வாழும் பிராணி. தனியாக அடைத்தால் மூலையில் முடங்கும், கையைக் கண்டால் பதறும். ஒரே பாலினத்தில் இரண்டு வாங்குங்கள். கூடுதல் வேலை அதிகம் இல்லை.

"ப்ளேக் வரும்" என்று கருத்துப் பெட்டிக்கு ஓடி வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று. சாக்கடை எலியைப் பிடித்து வளர்க்கச் சொல்லவில்லை. கடையில் விற்கும் வெள்ளை எலி, கறுப்பும் வெள்ளையும் கலந்த எலி எல்லாம் 'ராட்டஸ் நார்வெஜிகஸ்' இனத்தின் வளர்ப்பு வகை. விக்டோரியா ராணி காலத்து லண்டனில் எலி பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஜாக் பிளாக், வித்தியாசமான நிறத்தில் சிக்கியவற்றை வளர்த்துப் பெருக்கி விற்றார். அப்போதிருந்து தலைமுறை தலைமுறையாகச் சாதுவானதைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். நம் பரணில் ஓடும் வீட்டெலி வேறு இனம், பெருச்சாளி வேறு. எலிக்காய்ச்சல் கிருமி வெளி எலியின் சிறுநீர் வழியாக வளர்ப்பு எலிக்கும் தொற்றலாம். அதனால் கூண்டு பால்கனியில் இருக்கக் கூடாது. வீட்டில் எலித்தொல்லை இருந்தால் முதலில் அவை நுழையும் ஓட்டைகளை அடைத்துவிட்டுப் பிறகு இதை யோசியுங்கள்.

மகளுக்கு வீசிங், ஆஸ்துமா ஏதாவது இருக்கிறதா? இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். எலி மூத்திரத்தில் உள்ள புரதம் பலருக்கு ஒவ்வாமை தரும்.

இனி கூண்டு. கிளிக்கூண்டு சரிப்படாது, கம்பி இடைவெளி அகலம். தலை நுழைந்தால் எலியின் உடம்பும் நுழைந்துவிடும். அரை அங்குல இடைவெளிக்கு மேல் வேண்டாம். இரண்டு எலிக்கு இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் தாராளம். பவுடர் கோட்டிங் உள்ளதாகப் பாருங்கள். துத்தநாகம் பூசிய வெறும் இரும்பு (ஜி.ஐ.) வலை மூத்திரம் பட்டுத் துருப்பிடிக்கும், பிறகு எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. தரை கம்பியாக இருக்கக் கூடாது, பாதத்தில் புண் வரும். மீன் தொட்டியில் அடைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். காற்றோட்டம் இல்லாமல் மூத்திரத்தின் அம்மோனியா அடியிலேயே தங்கி நுரையீரலைக் கெடுக்கும்.

நுரையீரல்தான் எலியின் பலவீனம். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி ஏறக்குறைய எல்லா வளர்ப்பு எலியிடமும் உள்ளது. தூசி, புகை, அம்மோனியா சேரும்போது அது நோயாகக் கிளம்பும். அதனால் தச்சுப்பட்டறை மரத்தூள் வேண்டாம். அது மாவு மாதிரி பறக்கும், பிளைவுட் பசையும் கலந்திருக்கும். பைன், தேவதாரு சீவலும் வேண்டாம், அவற்றின் வாசனையே எரிச்சல். கிழித்த காகிதமும் பழைய பருத்தி வேட்டித் துண்டும் போதும். செய்தித்தாள் போட்டால் மை வெள்ளை ரோமத்தில் ஒட்டும், அழகு கெடுவதைத் தவிரப் பெரிய தீங்கில்லை. நூல் வளையம் உள்ள டர்க்கி டவல் போடாதீர்கள், நகம் சிக்கி விரல் பிய்ந்துவிடும். கூண்டு இருக்கும் அறையில் கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, அந்துருண்டை எதுவும் கூடாது. ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போடாமல் கூண்டு ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள்.

நாற்றம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆண் எலிக்கு வாடை சற்று அதிகம், போகிற இடமெல்லாம் சொட்டு மூத்திரம் விட்டு அடையாளம் வைக்கும். ஈரமான காகிதத்தைத் தினமும் எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை தட்டை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவித் தள்ளினால் தன் வாசனை போய்விட்டதே என்று இரண்டு மடங்கு அடையாளம் வைக்கும். பாதித் துணியை அடுத்த வாரத்துக்கு விடுங்கள்.

ஆணா பெண்ணா என்பதைக் கடைக்காரர் சொல்வதை நம்பி முடிவு செய்யாதீர்கள். வளர்ந்த ஆணுக்கு விதைப்பை நன்றாகவே தெரியும், குட்டியாக இருந்தாலும் வாலைத் தூக்கிப் பார்க்கலாம். ஐந்து வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் 21 முதல் 23 நாள். ஓர் ஈற்றில் பத்துக் குட்டி சாதாரணம். ஈன்ற ஒரு நாளுக்குள் மறுபடி சினையாகும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு என்றால் ஆண் ஜோடி நல்லது, மடியில் படுத்துக்கிடக்கும். பெண் எலி ஓடிக்கொண்டே இருக்கும், வயதானால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் அதிகம்.

சாப்பாடு, வளர்ந்த எலி ஒன்றுக்கு நாளைக்கு 15 முதல் 20 கிராம் உலர் தீனி. எலிக்கான பெல்லட் (அழுத்திச் செய்த தீனி) கிடைத்தால் அதுவே முக்கிய உணவு. கிடைக்காவிட்டால் கம்பு, கேழ்வரகு, ஓட்ஸ், உடைத்த கோதுமை பெரும்பங்கு, வேகவைத்த பாசிப்பயறு கொஞ்சம், காய்கறி, வாரம் இருமுறை அவித்த முட்டை ஒரு துண்டு. கலவையாகக் கொடுத்தால் பிடித்ததைப் பொறுக்கிவிட்டு மீதியை ஒதுக்கும், அதனால் தட்டு காலியான பிறகே அடுத்த வேளை. எலியால் வாந்தி எடுக்க முடியாது. தொண்டையில் அடைக்கும் களி, வேர்க்கடலை வெண்ணெய் தராதீர்கள். வேகாத மொச்சை, ராஜ்மா, முளைவிட்ட உருளைக்கிழங்கு கூடாது. ஆண் எலிக்கு ஆரஞ்சுத் தோல் கூடாது, சிறுநீரகத்துக்குக் கெடுதல். மிக்சரும் பிஸ்கட்டும் கொழுப்பைத்தான் ஏற்றும். தண்ணீர் பாட்டில் இரண்டு மாட்டுங்கள். ஒன்றின் முனையில் உள்ள குண்டு சிக்கித் தண்ணீர் வராவிட்டால் இந்த ஊர் வெயிலில் ஒரு பகல் தாங்காது.

பெரிய கேள்வி நீங்கள் கேட்காதது. ஏப்ரல், மே மாதம் என்ன செய்வீர்கள்? எலிக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டில் ஒரு பங்கை வால் வழியாக வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே சிரமம். சென்னையில் 40 தொடும் நாளும் உண்டு, கூடவே கடல் ஈரப்பதம். வியர்க்காத பிராணிக்கு ஃபேன் மட்டும் போட்டுப் பெரிய பலனில்லை. மேற்குச் சுவர் இல்லாத உள்ளறையில் வையுங்கள். கூண்டுக்குள் ஒரு கடப்பாக்கல் துண்டு, பக்கவாட்டில் படுக்கவைத்த மண்பானை, துணி சுற்றிய ஐஸ் பாட்டில் இருக்கட்டும். தட்டைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பட்டாணி போட்டால் காலை நனைத்துக்கொண்டே பொறுக்கும். கை கால் பரப்பிப் படுத்து, வால் சுட்டு, வாயில் எச்சில் வழிந்தால் அது ஆபத்து. சாதாரணத் தண்ணீரால் வாலையும் பாதங்களையும் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். மே மாதப் பகலில் குளிர்ச்சியான அறை உங்கள் வீட்டில் கிடையாது என்றால் வாங்காதீர்கள். கடுமையாகத் தோன்றினால் மன்னிக்கவும், இதை யாரும் சொல்வதில்லை.

கடி? பயந்தால் கடிக்கும், கம்பி வழியே நீட்டிய விரலில் முறுக்கு வாசம் அடித்தாலும் கடிக்கும். கம்பி வழியே எதையும் ஊட்டக் கூடாது என்பதை மகளுக்கு முதல் நாளே சொல்லுங்கள். தொடக்கத்தில் ஸ்பூன் நுனியில் தயிர் நக்கவிடுங்கள், பிறகு உள்ளங்கையில். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், மறு கை பின்புறத்துக்கடியில். வாலைப் பிடித்துத் தூக்கினால் வால்தோல் உறையாக உரிந்து வந்துவிடும். சிவப்புக் கண் எலிக்குப் பார்வை மங்கல், தலையை ஆட்டி ஆட்டிப் பார்ப்பது நோயல்ல. கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் வீட்டில் எலி இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எலிக்கடிக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, விஷயம் தெரிந்தால்தானே கொடுப்பார்கள்.

கண், மூக்கோரம் சிவப்பாகக் கசிந்தால் ரத்தம் என்று பதறாதீர்கள், அது போர்பிரின் என்ற சுரப்பு. ஆனால் தொடர்ந்து கசிந்தால் உடல்நலமில்லை என்று பொருள். மூச்சில் கிளிக் சத்தம், விலா உள்வாங்கி மூச்சு என்றால் அன்றே சிகிச்சை. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதுங்கள், பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க வேண்டாம். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர்களே அதிகம். எலி பார்க்கும் ஒருவரை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்து வையுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு "சீ, எலியையா?" என்று முகம் சுளிப்பவர்களில் பலர் வீட்டு வாசலில் பச்சைக்கிளிக் கூண்டு தொங்கும். 1972 வன உயிரினச் சட்டப்படி நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பதே குற்றம். சிறகை வெட்டிக் கூண்டில் அடைத்து 'அக்கா' சொல்லப் பழக்கினால் அது பாசம், எலி வளர்த்தால் அசிங்கமா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் ஆற்றாமை.

வாழ்நாள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள், மகளிடம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். தினமும் ஒரு மணி நேரம் வெளியே விட வேண்டும், அப்போது சார்ஜர் வயரையெல்லாம் பிவிசி குழாய்க்குள் நுழைத்து வையுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் தீனியைக் குவித்துவிட்டுப் போவதில் பயனில்லை. தினம் ஒருமுறை வந்து தண்ணீர் பாட்டிலை அழுத்திப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.