வீட்டுக்கு வர்றவங்களுக்கு வைஃபை குடுக்கணும், ஆனா நம்ம டிவி, பிரிண்டர் பக்கம் அவங்க வரக்கூடாது, நம்ம ஸ்பீடும் குறையக்கூடாது, என்ன பண்றது?

போன மே மாச லீவுக்கு அக்கா குடும்பம் வந்தப்போ மெயின் வைஃபை பாஸ்வேர்டையே குடுத்துட்டேன். ராத்திரி எட்டரைக்கு அம்மா சீரியல்ல மூழ்கி இருக்காங்க, மருமக அழுதுக்கிட்டே கதவைத் திறக்குற சீன், திடீர்னு டிவில பன்னிக்குட்டி கார்ட்டூன் ஓடுது. பக்கத்து ரூம்ல அக்கா பொண்ணு டேப்ல காஸ்ட் பட்டனை (டேப்ல ஓடுறதை டிவிக்கு அனுப்புற பட்டன்) அமுக்கிட்டா. ஒரே நெட்வொர்க்ல இருந்தா அப்படித்தான், டிவி என்ன, ஷேர் பண்ணி வச்ச ஃபோல்டர் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும்.

சரின்னு ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க், அதாவது வர்றவங்களுக்குன்னு தனி வைஃபை, ஆன் பண்ணேன். பேரு வேற, பாஸ்வேர்ட் வேற, ஆனா கெஸ்ட்ல சேர்ந்த என் போனுக்கும் 192.168.1.23னு மெயின்ல வர்ற அதே வரிசை அட்ரஸ்தான் வந்துச்சு, பிரிண்டர் பேஜும் ஜம்முனு ஓப்பன் ஆச்சு. காரணம், ரவுட்டர் ஃபைபர் கம்பெனி குடுத்த டப்பாவுக்குப் பின்னாடி ஆக்சஸ் பாயின்ட் மோட்ல, அதாவது சும்மா வைஃபையை மட்டும் பரப்பி, அட்ரஸ் குடுக்குற வேலையை டப்பாகிட்ட விட்டுட்டு இருந்துச்சு, அந்த மோட்ல நிறைய ரவுட்டர் கெஸ்ட்டைப் பிரிக்கிறதில்ல. தானே அட்ரஸ் குடுத்து நெட்வொர்க்கைப் பிரிக்கிற ரவுட்டர் மோடுக்கு மாத்தி, 'கெஸ்ட் லோக்கல் நெட்வொர்க்கைப் பாக்கலாம்'ங்கிற டிக்கை எடுத்து, டப்பாவோட சொந்த வைஃபையை அணைச்சு, நம்ம சாமான் எல்லாத்தையும் ரவுட்டருக்குக் கொண்டு வந்தேன். இது முக்கியங்க, உள்ள இருக்குற ரவுட்டர்ல இருந்து வெளிய இருக்குற டப்பா பக்கம் போக முடியும், அதனால பிரிண்டரை டப்பாலயே விட்டா கெஸ்ட் அங்க போயிடுவாங்க. டப்பாவோட அட்மின் பாஸ்வேர்டையும் மாத்திடுங்க. நீங்க மாத்தினதும் கெஸ்ட்ல சேர்ந்து பிரிண்டர் அட்ரஸை பிரவுசர்ல அடிச்சுப் பாருங்க, திறந்தா இன்னும் பிரியலன்னு அர்த்தம்.

இப்ப ஸ்பீடு. எல்லாரும் டவுன்லோடைத்தான் கட் பண்ணுவாங்க, எனக்கு ஆபீஸ் கால்ல குரல் உடைஞ்சதுக்குக் காரணம் அப்லோடு. மாமா போன்ல இருந்த கல்யாண வீடியோ பூரா வைஃபையைப் பாத்ததும் போட்டோ பேக்கப்புக்கு ஏறிட்டிருந்துச்சு, ரேஷன் கடை க்யூல ஒருத்தரே நாப்பது கார்டு நீட்டுற மாதிரி, பின்னாடி ஒத்தக் கார்டோட நிக்கிற என் குரல் எப்ப போய்ச் சேரும்? எங்க லைன் 40 எம்பிபிஎஸ். கெஸ்ட்டுக்கு டவுன்லோடு 15, அப்லோடு 5னு வச்சேன், ஹெச்டி வீடியோவுக்கு அஞ்சாறு எம்பிபிஎஸ் போதும், யாரும் முகம் சுளிக்கல. ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற இலவச ரவுட்டர் சாஃப்ட்வேர் போடுற ரவுட்டரா இருந்தா, அதுல க்யூவை ஒழுங்குபடுத்துற எஸ்க்யூஎம்னு ஒண்ணு இருக்கு, மொத்த லைனையும் 40ஐ விடக் கொஞ்சம் கம்மியா 36ன்னு வச்சா க்யூ அந்த டப்பாவுல சேராம நம்ம கையில இருக்கும், அதான் ரொம்ப நல்ல வழி.

ஒவ்வொரு போனா மேக் அட்ரஸ் (வைஃபைல போனை அடையாளம் காட்டுற நம்பர்) பாத்து லிமிட் போடாதீங்க. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததுல இருந்து ஒரு போன் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒவ்வொரு போலி அட்ரஸ் காட்டுது, மறந்துட்டு மறுபடி சேர்ந்தா அதுவும் மாறலாம். லிமிட்டை கெஸ்ட் நெட்வொர்க் மேலயே போடுங்க.

ஒரு கஷ்டம் மட்டும் உண்டு, கெஸ்ட்ல இருந்து டிவிக்கு காஸ்ட் பண்ண முடியாது. காஸ்ட் பட்டனைக் காணோம்னு அக்கா பொண்ணு ஒரே அழுகை, கடைசில ரிமோட்டையே அவ கையில குடுத்துட்டேன், அம்மாவோட சீரியல் மறுபடி போச்சு.