இரண்டு வார ஆய்வகப் பாடம் நடத்தும் வாய்ப்பை ஏற்கலாமா?

கடல்சார் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்களிடம், முதுகலை மாணவர்களுக்குக் கடலோரச் சதுப்புநிலங்கள் குறித்த இரண்டு வார ஆய்வகப் பாடத்தை நடத்தித் தருமாறு துறைத்தலைவர் கேட்டிருக்கிறார். ஆய்வேட்டு வேலை தள்ளிப்போகுமோ என்பது உங்கள் தயக்கம்; தனி ஊதியம் இல்லாத வேலைக்கு இவ்வளவு அலைச்சல் எதற்கு என்பது உங்கள் தந்தையின் கவலை. ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்வேன்.

உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் எனும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோதான் தகுதியாகக் கொள்ளப்படும். இரண்டு வாரப் பாடத்துக்கென்று தனி மதிப்பெண் எதிர்பார்க்க வேண்டாம். அதே சமயம், முனைவர் பட்டத்துக்கான 2022-ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகள் ஆய்வாளர் ஒவ்வொருவரும் தம் பாடத்தைக் கற்பிக்கப் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை ஆய்வக வகுப்பு போன்ற பணிகளை அவர்களுக்கு ஒதுக்கவும் இடமளிக்கின்றன. ஆகவே உங்களிடம் கேட்கப்பட்டிருப்பது படிப்புக்குப் புறம்பான வேலையன்று. எனினும் இரண்டு வாரம் முழுநேரமாக நடத்துவது இந்த அளவைத் தாண்டக்கூடும் என்பதால், மற்ற வேலைகளை எப்படி ஒழுங்குசெய்வது என்று நெறியாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பாடத்தை எப்படி அமைப்பது என்பதுதான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டியது. நாளுக்கொரு கருவி, கருவிக்கொரு செய்முறை, கடைசியில் ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் என்று முடிகிற வகுப்புகளை மாணவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்திருப்பார்கள். ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு வாரமும் அதையே தொடரச் செய்யுங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் அதற்கேற்ற வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டியெடுத்தார்கள். வெயில் பட்ட நிலம் காய்ந்து, அதிலிருந்த மட்கு சிதைந்து, தரை தாழ்ந்து பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பைத் தாங்கும் அலையாத்தி மரமான வெண்கண்டலும் தாங்க முடியாத அளவுக்கு உப்பு ஏறியது. பின்னாளில் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, கடல் ஏற்றத்தில் வரும் ஓதநீர் வந்து போக வழிசெய்த பிறகே அங்கே நட்ட கன்றுகள் பிழைத்தன. நீரோட்டம் உள்ள கால்வாய்க் கரையிலிருந்தும் நீர் தேங்கும் பள்ளத்திலிருந்தும் நீரும் மண்ணும் எடுத்துவந்து, இவ்விரண்டு இடங்களும் ஏன் வேறுபடுகின்றன என்று மாணவர்களே அளந்து சொல்லட்டும்.

நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க டிஜிட்டல் மீட்டர் இருந்தாலும், ஒருமுறையேனும் வேதிப்பொருள்களைச் சேர்த்து அளக்கும் விங்க்ளர் முறையைக் கரையிலேயே செய்து காட்டுங்கள். பாட்டிலில் மாங்கனீசு சல்ஃபேட்டும் அடுத்துக் காரம் கலந்த அயோடைடும் விட்டவுடன், ஆக்சிஜன் உள்ள நீரில் பழுப்பு நிற வீழ்படிவு திரளும். ஆக்சிஜன் குறையக் குறைய அது வெளிறி, அறவே இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். எண் வருவதற்கு முன்பே மாணவர் கண்ணால் காணும் இந்த நிறம், பத்து ஸ்லைடுகள் சொல்லாததைச் சொல்லிவிடும்.

மண்ணிலுள்ள கரிமப்பொருளை அளக்க, மாதிரியை மிகுந்த வெப்பத்தில் எரிக்கும் மஃபிள் உலை தேவை; கால அட்டவணையை அதை வைத்தே போட வேண்டும். மண் மாதிரி 60 டிகிரியில் எடை நிலைக்கும்வரை காய இரண்டு நாளாவது ஆகும். பிறகு 550 டிகிரியில் நான்கு மணி நேரம் எரிக்க வேண்டும். ஈரம் ஏறாமல் காக்கும் கலமான டெசிகேட்டரில் ஆறிய பிறகே மீண்டும் எடை போடலாம். எனவே களப்பயணம் முதல் இரண்டு நாட்களுக்குள் முடிந்துவிட வேண்டும். எரிந்துபோன எடை முழுவதையும் கார்பன் என்று எழுதிவிடுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை; அது கரிமப்பொருளின் அளவு, அதிலும் களிமண்ணுக்குள் இருந்த நீரின் எடை கொஞ்சம் சேர்ந்திருக்கும். இதை விவாதிக்க ஒரு பிற்பகல் முழுவதையும் ஒதுக்கினால்கூட வீணில்லை.

பிச்சாவரக் காடு வனத்துறையின் பொறுப்பில் இருப்பதால், மாதிரி எடுக்க அனுமதிக் கடிதம் துறை வழியாக முன்னதாகவே போக வேண்டும். இந்தப் பொறுப்பும் படகு ஏற்பாடும் யாருடையவை, ஆய்வக உதவியாளர் உடன் இருப்பாரா, பாடத்திட்டத்தில் உங்கள் பெயர் இடம்பெறுமா என்பவற்றைச் சம்மதிக்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

உங்கள் தந்தைக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஐயா, 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அலையாத்திக் காடுகளை மிகக் கடுமையான காப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. பிச்சாவரமும் பள்ளிக்கரணையும் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இந்த நிலங்களை அளந்து, கண்காணித்து, அறிக்கை எழுதத் தெரிந்தவர்களுக்குக் கல்லூரிகளுக்கு வெளியிலும், சென்னையிலுள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம் போன்ற நிறுவனங்களிலும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களிலும் வேலை இருக்கிறது. அங்கே நேர்காணலில், ஒரு குழுவைச் சேற்றில் இறக்கிப் பத்திரமாகக் கரையேற்றி நம்பகமான தரவுடன் திரும்பியதுண்டா என்று கேட்டால், இந்தப் பாடத்தின் கையேடு, கால அட்டவணை, மாணவர்களின் தரவுத்தாள்கள், அவர்கள் எழுதித் தந்த கருத்துகள் ஆகியவை அடங்கிய கோப்பை உங்கள் மகள் எடுத்துக் காட்ட முடியும்.