பில் பேக்கா சார்? – பின்பக்க பம்பர் கடிதங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: ஜிம்னி, தார் மாதிரி ஜீப் வகை வண்டிகளுக்கு வெளியே வாங்கி மாட்டும் இரும்பு பின்பக்க பம்பர். மழை விட்டதும் சக்லேஷ்பூர் காட்டுப் பாதை எல்லாரையும் கூப்பிடுகிறது போலும். கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பம்பர் வாங்கி, அங்கேயே மாட்டினேன். இரண்டே வாரத்தில் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். கேட்டால், "ரோடு சரியில்லை சார்" என்கிறார் கடைக்காரர். – அல்சூர் வாசகர்

பதில்: ரோடு சரியில்லை என்பது உண்மைதான். சத்தத்துக்குக் காரணம் அது இல்லை. பிளாஸ்டிக் பம்பரை ஒற்றைக் கையில் தூக்கிவிடலாம். இரும்புக்கு இரண்டு ஆள் வேண்டும். அந்தக் கனம் முழுக்க, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் சில போல்ட்டுகளை நம்பித் தொங்குகிறது. ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு, மறு பக்கத்துத் துளை சேராமல் கடப்பாரையால் நெம்பும் ஃபிட்டர்களை நின்று பார்த்திருக்கிறேன். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் சுற்றிவிட்டு, இரண்டு பக்கமும் இடைவெளி சமமா என்று பார்த்து, அப்புறம்தான் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) முடுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை.

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். போல்ட் தலையில் அதன் பலத்தைச் சொல்லும் எண், 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். மொட்டையாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். துளையைச் சுற்றி பெயிண்ட் உரிந்து பளபளவென்று இருக்கிறதா? ஆட்டம் அங்கேதான். "ஒரு வெல்டிங் வைத்தால் போதும்" என்பார்கள். சேஸிஸில் வெல்டிங் கூடவே கூடாது. மாட்டியது அவர்கள், காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டியதும் அவர்கள்.

என் பழைய ஜிப்சிக்கு நானும் ஓர் இழுவைக் கொக்கி வாங்கினேன். கனகபுரா பக்கம் சேற்றில் மாட்டி, கயிறு கட்டி இழுத்தபோது கொக்கி மட்டும் தனியாகப் போய் எதிர் வேலியில் விழுந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. நடுவில் ஆள் யாரும் நிற்கவில்லை, அதுதான் அதிர்ஷ்டம்.

கேள்வி: 'எல்லா ஜீப்புக்கும் பொருந்தும்' என்று ஆன்லைனில் ஒரு பம்பர் மலிவாக வருகிறது. வாங்கலாமா? – விவேக் நகர்

பதில்: எல்லாக் காலுக்கும் பொருந்தும் செருப்பு வாங்குவீர்களா?

கேள்வி: போன நவம்பரில் 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில் கேட்டால் 28 சதவீதம் கூடும் என்றதால் பில் இல்லாமல் எடுத்தேன். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு) என்றார். வெறும் ஸ்ப்ரே பெயிண்ட். மூன்றே மாதத்தில் மடிப்பெல்லாம் துரு. இப்போது என்னைப் பார்த்ததே இல்லை என்கிறார். – கே.ஆர். புரம் வாசகி

பதில்: அம்மா, உங்களை இரண்டு தடவை ஏமாற்றியிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். 7,840 ரூபாய் என்று பயமுறுத்திய இடத்தில் உண்மையான வரி 5,040.

'பில் பேக்கா சார்?' கன்னடத்தில் 'பில் வேண்டுமா சார்?' என்று அர்த்தம். இந்த ஊரில் என் ரத்தக் கொதிப்பை ஏற்றும் கேள்வி இதுதான். ஓட்டலில் சாம்பார் வேண்டுமா என்று கேட்பது போலக் கேட்கிறார்கள். பில் கொடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. கடைப் பெயர், 29 என்று தொடங்கும் 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண், பொருளின் விவரம், மாட்டுக்கூலி தனியாக, இவ்வளவும் இருந்தால்தான் பில். நான் எட்டாயிரம் கொடுத்து வாங்கிய எல்.இ.டி. விளக்குக்குத் தந்த துண்டுச் சீட்டில் 'லைட் - 1' என்று மட்டும் இருந்தது. ஆறு வாரத்தில் விளக்குக்குள் தண்ணீர், மீன் விடலாம் போல. எடுத்துக்கொண்டு போனால் அந்த இடத்தில் ஜூஸ் கடை.

உங்களுக்கு வழி இருக்கிறது. யு.பி.ஐ.யில் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, துருவின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஸ்பீட் போஸ்டில் கடைக்கு ஒரு நோட்டீஸ். அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

கேள்வி: புது பம்பர் மாட்டியதும் ரிவர்ஸ் சென்சார் ஓயாமல் கத்தியது. ஒயரைப் பிடுங்கிவிட்டேன். நேற்று பேஸ்மென்ட் தூணில் இடித்தேன். யார் மேல் வழக்குப் போடலாம்? – திப்பசந்திரா

பதில்: தூண் மேல் போடுங்கள். சென்சாரைச் சரியான உயரத்திலும் சாய்விலும் பொருத்தாததால்தான் கத்தியிருக்கும். கடைக்குத் திரும்பிப் போயிருந்தால் அரை மணி நேர வேலை.

கேள்வி: பம்பரில் 'ஆர்.டி.ஓ. அப்ரூவ்ட்' என்று ஸ்டிக்கர் இருக்கிறது. போலீஸ் பிடிக்காதல்லவா? – மர்ஃபி டவுன்

பதில்: ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு உடனே போன் வந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கிராஷ் கார்டு (இடி தாங்க மாட்டும் இரும்புத் தடுப்பு) மாட்டியவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாட்டுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். இடி வாங்கிய பிறகு சொன்னால் கிளைமில் தகராறு வரும்.

கேள்வி: ஜிம்னியின் பழைய பம்பரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். 500 ரூபாய் கொடுத்தார். சரிதானே? – காக்ஸ் டவுன்

பதில்: ஐந்நூறா! ஜிம்னிக்கு டெயில் லைட்டே பம்பரில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்தா கொடுத்தீர்கள்? ஆர்.டி.ஓ. கழற்றச் சொன்னாலும், வண்டியை விற்க நினைத்தாலும் அதே பழைய பம்பர்தான் வேண்டும். 500-ஐத் திருப்பிக் கொடுத்து இன்றைக்கே வாங்கி வாருங்கள். போகும்போது ஒரு பழைய போர்வை எடுத்துப் போங்கள், சீட்டில் கீறல் விழும்.