கார் போய்விட்டது, காசு வரவில்லை

கேள்வி: என் 2016 மாடல் ஸ்விஃப்ட்டை கோவையில் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் 4,10,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். அன்றே 1,60,000 அக்கவுன்டில் போட்டார்கள். மீதி இரண்டரை லட்சத்துக்கு இருபது நாள் தள்ளித் தேதியிட்ட செக். ஆர்.சி. புக், ஒரு சாவி, பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-இல் கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். செக்கைப் போட்டேன், பணமில்லை என்று திரும்பிவிட்டது. கேட்டால், "பார்ட்டிக்கு ஃபைனான்ஸ் வரலைங்க, பத்து நாள் பொறுங்க" என்கிறார் ஓனர். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். கார் இன்னும் அவர் யார்டில்தான் நிற்கிறது. இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறது. போய் எடுத்து வந்துவிடலாமா? – திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது, ஆனாலும் அந்தச் சாவியைத் தொடாதீர்கள். விலை பேசி, ஒரு பகுதி பணம் வாங்கி, வண்டியை நீங்களே ஒப்படைத்துவிட்டீர்கள். பணம் வரும்வரை பொருளைக் கையில் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமையை 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் விற்பவருக்குத் தருகிறது. பொருளைக் கொடுத்த பிறகு அந்த உரிமை இல்லை. இப்போது எடுத்து வந்தால், உங்கள் மேல் திருட்டுப் புகார் கொடுக்க அவருக்கு நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

அதே சமயம், கார் யார்டில் நிற்பது உங்களுக்குச் சாதகம். இன்றே அவரிடம் பேசுங்கள்: "பணம் புரளவில்லை என்றால் வியாபாரத்தை ரத்து செய்துகொள்வோம். 1,60,000-ஐ பேங்க் மூலமாகவே திருப்பித் தருகிறேன். காரையும் ஆர்.சி.யையும் கையெழுத்துப் போட்ட ஃபாரங்களையும் கொடுத்துவிடுங்கள்." ஒப்புக்கொண்டால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், பேசியதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவருடைய பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பாக்கி இருக்கிறது என்று அவர் கைப்பட ஒரு வரி எழுதினாலும் அது உங்களுக்குச் சாட்சி.

பேச்சு ஒருபக்கம் நடக்கட்டும், செக் வேலையை அதற்காக நிறுத்தாதீர்கள். "பத்து நாள் பொறுங்க" என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள், செக் தொகையைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் போயாக வேண்டும். பத்து நாள், இன்னொரு பத்து நாள், நடுவில் ஒரு பண்டிகை என்று பொறுத்துக்கொண்டே இருந்தால் அந்த 30 நாள் கரைந்துவிடும். எனக்கு வரும் கடிதங்களில் மனதை மிகவும் வருத்துவது இப்படிக் கெடு தவறியவர்களின் கடிதங்கள்தான். ஏமாந்தது போதாதென்று, பொறுமையாக இருந்ததற்கும் தண்டனை.

நோட்டீஸ் அவர் கையில் சேர்ந்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் கொடுக்கவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். இரண்டாண்டு வரை சிறையோ, செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வழக்கு முடியும் முன்பே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2015-இல் வந்த திருத்தப்படி, நீங்கள் கணக்கு வைத்திருக்கும் பேங்க் கிளை எங்கிருக்கிறதோ அங்குள்ள நீதிமன்றத்தில்தான் வழக்கு. ஆகவே உங்கள் கணக்கு திருப்பூர்க் கிளையில் என்றால் வாய்தாவுக்காகக் கோவைக்கு அலைய வேண்டாம், திருப்பூரிலேயே நடத்தலாம்.

நோட்டீஸை வக்கீல் மூலமாகவே அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்டில். செக்கில் கையெழுத்து தனிநபராகவா, நிறுவனத்தின் பெயரிலா என்று பாருங்கள். நிறுவனச் செக் என்றால் நிறுவனத்துக்கும் கையெழுத்திட்டவருக்கும் தனித்தனியாக நோட்டீஸ் போகட்டும். வட்டி, மன உளைச்சல் எதை வேண்டுமானாலும் சேர்த்துக் கேளுங்கள். ஆனால் செக்கின் தொகையான 2,50,000-ஐத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். மொத்தமாக ஒரே தொகையாகக் கலந்து கேட்டால் வழக்கு ஆட்டம் காணும். ஒருவேளை 30 நாள் தாண்டிவிட்டதென்றால், செக்கின் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி பேங்கில் போட்டு, செக் திரும்பியதற்கான புதுச் சீட்டு (ரிட்டர்ன் மெமோ) வாங்கி, அதிலிருந்து எண்ணலாம். மூன்று மாதமும் போய்விட்டால் சிவில் வழக்குதான் மிச்சம். அதற்கு மூன்று ஆண்டு அவகாசம். கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்றும் கொடுத்துப் பாருங்கள். செலவில்லை. அங்கிருந்து அழைப்பு போனதும் இறங்கிவரும் வியாபாரிகள் உண்டு.

போலீஸ் சொன்னது முழுத் தவறல்ல. பாக்கி வைத்தது மட்டும் குற்றமாகிவிடாது. ஏமாற்றும் நோக்கம் ஆரம்பத்திலேயே இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் மோசடி வழக்கு. அதே யார்டில் உங்களைப் போல் இன்னும் சிலர் மாட்டியிருந்தால் சேர்ந்து புகார் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். நுகர்வோர் நீதிமன்றம் இங்கே உதவாது. அந்தச் சட்டம் பொருளை வாங்கியவருக்கும் சேவை பெற்றவருக்கும்தான், நீங்கள் விற்றவர்.

இதைவிட அவசரமானது ஆர்.சி. கார் இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது. பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே பெயர் மாறும்வரை இன்சூரன்ஸை கேன்சல் செய்யாதீர்கள். காரை ஒப்படைத்த தேதி, பாக்கித் தொகை இரண்டையும் எழுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பெயர் மாற்றத்துக்கு ஓ.டி.பி. கேட்டு போன் வந்தால், பணம் வரும்வரை சொல்லாதீர்கள்.

2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. அங்கீகாரம் பெற்றவர் என்றால், ஃபாரம் 29சி மூலம் வண்டி அவரிடம் போனதை ஆன்லைனில் தெரிவிக்கலாம். அதன்பின் உரிமையாளராக அவரே கருதப்படுவார். ஆர்.சி. புக்கைக் கையில் கொடுக்கும் முன்பே "உங்களிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா, 29சி போடுவீர்களா?" என்று கேட்டுவிட வேண்டும். இழுக்கிறவரிடம் விற்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் பழைய கார் வாங்கும் நிறுவனத்திடம் விற்றேன். கார் லோன் பாக்கியை அவர்களே அடைப்பதாகச் சொன்னார்கள். சர்வீஸ் சார்ஜும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மாதமாகியும் என் அக்கவுன்டிலிருந்து இ.எம்.ஐ. போகிறது. – சென்னை வாசகி

பதில்: முதலில், இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடிபடுவது உங்கள் கிரெடிட் ஸ்கோர், நிறுவனத்துடையது அல்ல. கட்டிய ஒவ்வொரு தவணையையும் அவர்களிடம் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. லோனை இன்றே முன்கூட்டி முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று லோன் கொடுத்த பேங்கில் கடிதம் வாங்கி, அதில் உள்ள தொகையை லோன் அக்கவுன்டிலேயே கட்டச் சொல்லி நிறுவனத்துக்கு இமெயில் போடுங்கள். வட்டி நாளுக்கு நாள் ஏறுவதால் அந்தக் கடிதம் சில நாள்தான் செல்லும். லோன் முடிந்ததும், ஆட்சேபணை இல்லை என்ற சான்றும் (என்.ஓ.சி.), ஆர்.சி.யிலிருந்து லோன் பதிவை நீக்குவதற்கான ஃபாரம் 35-உம் பேங்க் தரும். அவை வராமல் பெயர் மாற்றமும் நடக்காது.

உங்களிடம் கட்டணம் வாங்கியிருப்பதால் சேவைக் குறைபாடு என்று நீங்கள் நுகர்வோர் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் தொடங்குங்கள். பலன் இல்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். ஆர்.சி. மாறும்வரை ஒரு தொகையை இவர்கள் பிடித்துவைப்பதும் வழக்கம். அதைத் தருவதற்கு ஒப்பந்தத்தில் தேதி போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்றரை லட்சத்தையும் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார் டீலர். வாங்கலாமா? – மதுரை வாசகர்

பதில்: கூடாது. ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, இரண்டு மூன்று நாளாகப் பிரித்து வாங்கினாலும் சரி. அபராதம் வாங்கியவருக்குத்தான், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே. பெரிய தொகையை பேங்குக்கு பேங்க் அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் போடச் சொல்லுங்கள். "இன்று பேங்க் லீவு" என்று சொன்னால் ஏற்காதீர்கள். 2020 டிசம்பர் முதல் ஆர்.டி.ஜி.எஸ். எந்நேரமும் இயங்குகிறது. பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையோ எஸ்.எம்.எஸ்.ஸையோ நம்பாமல், உங்கள் பேங்க் ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.