கொடுமுடி சுந்தராம்பாள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு, வணக்கம்.

பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அம்மா, தம்பி, தங்கை என்று குடும்பத்தைப் பற்றியே அதிகம் சொல்லியிருந்தீர்கள். அவர் கணவர், நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா இரண்டு வரியில் வந்து போகிறார். கிட்டப்பா போன துக்கம்தான் அந்தக் குரல், அது இல்லையென்றால் அவரும் பத்தோடு பதினொன்றாக ஒரு நாடக நடிகை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி வேஷம் போட்ட என் அத்தையும் இதையேதான் சொல்வார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் பேச்சை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கிட்டப்பா இறந்தது 1933 டிசம்பரில். அப்போது சுந்தராம்பாளுக்கு 25 வயதுதான். ஆனால் அதற்குள் பல வருஷம் பாடிச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியிருந்தார்.

உங்கள் ஊரிலிருந்து கரூருக்குப் போகிற ரயில் கொடுமுடியில் நிற்கும். அந்த வண்டிகளில்தான் அவர் சின்னப் பெண்ணாகப் பாடிக் காசு வாங்கினார். அப்பா இல்லாத வீடு. அம்மா பாலாம்பாள், மூன்று பிள்ளைகள், நிலையான வருமானம் எதுவும் கிடையாது. ஓடுகிற ரயிலின் இரைச்சலை மீறி ஒரு குழந்தையின் பாட்டு பெட்டியின் மறுகோடி வரை கேட்க வேண்டும், கேட்டால்தான் காசு. பிறகு வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது கிடைத்தது நல்லதங்காளின் பிள்ளை வேஷம். "பசிக்குதே, வயிறு பசிக்குதே" என்று பாடிச் சபையையே அழவைத்தார் என்பார்கள். அந்த வரிக்கு எப்படி உருக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் மைக் இல்லாத மேடை. உங்கள் அத்தைக்குத் தெரியும், ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், வேலன் இன்னொரு ஊரிலிருந்து வருவார். அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் இரண்டு பேரும் பாட்டில் தர்க்கம் செய்ய வேண்டும். ஒருவர் சுருதி ஏற ஏற மற்றவரும் ஏறியாக வேண்டும், விடிய விடிய. 1926-இல் கொழும்பில் கிட்டப்பாவோடு வள்ளி திருமணம் நாடகத்தில் நடித்தபோது அவருக்கு ஏறத்தாழ 18 வயது. கிட்டப்பா அப்போதே பெரிய பாட்டுக்காரர். அவருக்கு இந்தப் பெண் ஈடுகொடுக்க முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஈடுகொடுத்தார். அதற்குப் பிறகுதான் கல்யாணம், 1927-இல். ஆக, நாம் கொண்டாடுகிற குரல் கிட்டப்பாவுக்கு எதிரே வந்து நின்றபோதே முழுசாக இருந்தது.

துக்கம் சின்னது என்று நான் சொல்லவில்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. பிறகு பிரிவு, பிறகு சாவு. அந்த வயதில் வெள்ளைச் சேலைக்கு மாறினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். துக்கம் செய்தது இதைத்தான்: பாடிக்கொண்டிருந்தவரை மேடையிலிருந்து இறக்கி வீட்டில் உட்காரவைத்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் வற்புறுத்தித்தான் திரும்பி வெளியே வந்தார்.

வந்த பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். 1935-இல் சினிமாவில் நந்தனாராக, ஆண் வேஷத்தில் நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு யாரும் கேள்விப்படாத தொகை. தன் விரதத்தையும் விடவில்லை, விலையையும் குறைக்கவில்லை. ரயிலில் காசுக்குப் பாடிய பெண்ணுக்குத் தன் குரலின் மதிப்பு துல்லியமாகத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். இதை யாராவது பேராசை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். சட்ட மேலவை உறுப்பினரானார், 1970-இல் பத்மஸ்ரீ வாங்கினார். சொந்த ஊரில் தன் பெயரில் ஒரு தியேட்டர் கட்டினார்.

அம்மாவையும் தம்பி தங்கையையும் பற்றி நான் அதிகம் எழுதியதற்கு இதுதான் காரணம். ஒரு பெண் இருபது வயதுக்கு முன்னாலேயே ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். அதை விட்டுவிட்டு ஆறு வருஷக் கல்யாணத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது அவருக்குச் செய்கிற அநியாயம்.

உங்கள் அத்தையிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். நாடகத்துக்குப் போன ராத்திரிகளில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? வாங்கிய பணம் யார் கையில் போய்ச் சேர்ந்தது? தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.