ஒரு பாடசாலை தன் காபன் வெளியேற்றத்தை எப்படி அளந்து குறைக்கலாம்?

யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்று விலையுயர்ந்த கருவிகளின்றித் தன் காபன் வெளியேற்றத்தைக் கணக்கிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், அதற்கு ஓராண்டு மின்பட்டியல்களும் எரிபொருள் பற்றுச்சீட்டுகளுமே முதன்மையாகத் தேவை.

மின்பிறப்பாக்கியில் எரியும் ஒரு லீற்றர் டீசல் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. சிற்றுண்டிச்சாலையில் தீரும் 12.5 கிலோ சமையல் வாயு சிலிண்டர் ஒன்றின் கணக்கு ஏறத்தாழ 37 கிலோகிராம். மின்சாரத்துக்கு, பாவித்த அலகுகளை நாட்டின் மின்வலையமைப்புக்குரிய காரணியால், அதாவது ஓர் அலகு மின்சாரத்துக்கு வெளியாகும் காபனீரொட்சைட்டின் அளவால், பெருக்க வேண்டும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிக்கப்படுவதால் அந்தக் காரணி சிறியதன்று. பலரும் மறப்பது குளிரூட்டி வாயுவை: ஆர்-22 எனும் அவ்வகை வாயு ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டில் புவியை வெப்பமாக்கும் கணக்கில் அது ஏறத்தாழ 1,800 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமன்.

மாணவர்கள் எதில் வந்து போகிறார்கள் என்ற பயணக் கணக்கை, கைகளை உயர்த்தச் சொல்லி வகுப்பறையிலேயே கணக்கெடுக்கலாம். திருநெல்வேலியிலும் தொலைவிலுள்ள கிளிநொச்சியிலும் பீடங்களைக் கொண்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனத்துக்கோ இது தனிக் கவனம் வேண்டும் பகுதி.

குறைக்கும் வேலையை மின்மானியிலிருந்து தொடங்குவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் மாணவர்கள் மானியின் எண்ணைக் குறித்து, திங்கட்கிழமை காலை மறுபடி பார்க்கட்டும். ஆளில்லாத கட்டடத்தில் ஓடிய அலகுகள் கண்முன்னே தெரியும். நீர்க்குளிரூட்டியையும் அணைக்காத கணினிகளையும் அவர்களே தேடிப்பிடிப்பார்கள். அதன் பிறகு கூரைச் சூரியப்படலத்தைத் திட்டமிட்டால், பகல் வேளைத் தேவைக்கு எவ்வளவு போதுமென்பது சரியாகத் தெரியும். வளவில் கூட்டிய வேப்பஞ்சருகை எரிக்காமல் கூட்டெருவாக்குவதை இன்றே தொடங்கலாம்.