சென்னையில் குடிநீர், காற்று, பூச்சி மருந்து: கண்காணிப்பது யார்?

"குழாய்த் தண்ணீர், காற்று, பூச்சி மருந்து ஆகிய மூன்றையும் சென்னையில் மாநகராட்சிதானே கண்காணிக்கிறது? அங்கே புகார் கொடுத்தால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இந்த மூன்றில் ஒன்றுகூட முழுமையாக மாநகராட்சியின் கையில் இல்லை.

முதலில் தண்ணீர். குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. சாலையோர மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் பெரம்பூரில் எங்கள் வீட்டுச் சம்ப்பில் சாக்கடை வாடை அடித்தபோது, இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு வாரம் தொடர்பே இல்லாத அலுவலகத்துக்கு நடந்தது என் அறியாமை. பிறகு உரிய இடத்திலிருந்து வந்த ஊழியர், சிறிய கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து ஒரு திரவத்தைச் சில சொட்டுகள் விட்டார். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மஞ்சளானது. எங்களுடையது நிறமே மாறவில்லை. "மெயின் லைன்ல பிரச்சினை இல்ல சார், உங்க கனெக்‌ஷன்லதான் ஓட்டை" என்றார். தோண்டிப் பார்த்தால், வடிகாலை ஒட்டிச் சென்ற எங்கள் பழைய ஜி.ஐ. குழாய் துருவேறி அரித்துப் போயிருந்தது. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலை. ஐந்து நிமிடம்கூட ஆகாத அந்தச் சோதனையைப் புகார் கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். போர்வெல் தண்ணீருக்கும் அதை லாரியில் ஏற்றிச் செல்வதற்கும் 1987ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் தனியே உண்டு.

காற்றுக்கு 1981ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். அதை இங்கே செயல்படுத்துவது 1982இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். மணலி, ஆலந்தூர், வேளச்சேரி முதலிய இடங்களிலுள்ள தானியங்கி நிலையங்களின் அளவுகளை இணையத்தில் எவரும் பார்க்கலாம். பி.எம். 2.5 என்னும் நுண்துகள், 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2009இல் அறிவிக்கப்பட்ட வரம்பு. ஆனால் உங்கள் தெருமுனையில் எரியும் குப்பை அந்த நிலையங்களின் கணக்கில் வராமலே போகலாம். அதற்கு மாநகராட்சியின் 1913 எண்தான் பொருத்தம். போகியை ஒட்டி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தினர் மாநகராட்சியின் மண்டலந்தோறும் தனியாகக் காற்றை அளக்கிறார்கள். மார்கழி முழுவதும் அப்படி அளந்தால் என்ன என்று ஆண்டுதோறும் நினைத்துக்கொள்கிறேன்.

பலரும் அறியாதது பூச்சி மருந்து விஷயம்தான். 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பூச்சிக்கொல்லி கலந்த உணவால் பலர் இறந்தனர். அதன் விளைவாக வந்ததே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் உரிமம் கொடுப்பதும் கடைகளில் மாதிரி எடுப்பதும் வேளாண்மைத் துறை. வயலே இல்லாத தியாகராய நகரில் கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்க வரும் நிறுவனமும் அதே துறையின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். மாநகராட்சி செய்வது கொசு ஒழிப்பு. கோயம்பேட்டுக் காய்கறியில் தங்கிய மருந்தின் எச்சத்தைப் பார்ப்பது உணவுப் பாதுகாப்புத் துறை. மாநில அரசின் அதிகாரமும் குறுகியதே. 2023இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்குத் தமிழக அரசு தடை விதித்தபோது, அது 60 நாள்களுக்கே செல்லுபடியானது. நிரந்தரமாகத் தடை செய்யும் அதிகாரம் அந்தச் சட்டப்படி மத்திய அரசுக்குத்தான். உயிரைப் பறிக்கும் பொருளின் மீது இவ்வளவு சிறிய கடிவாளத்தை மாநிலத்திடம் கொடுத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி ஓடிய அறையில் உறங்கிய குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் உயிரிழந்ததைப் படித்திருப்பீர்கள். ஆகவே, மருந்து வைக்க ஆள் வந்தால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். டப்பாவின் லேபிளைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விபரீதம் நேர்ந்தால் மருத்துவமனையில் முதலில் கேட்பது அந்த மருந்தின் பெயரைத்தான்.